காருக்கு முதுகு காட்டிய ஓட்மார்

“காரைக் கண்ணால பார்த்து வாங்குறவன் ஏமாளி,” என்றார் ஓட்மார். “நான் இதுவரைக்கும் எழுநூறு காரு பொறுக்கிக் குடுத்திருக்கேன். ஒண்ணையும் திரும்பிப் பார்த்ததில்ல. காருக்கு முதுகைக் காட்டிட்டு நிப்பேன், முதுகு சொல்லிரும். எழுநூறுல ஒண்ணுகூட வழியில நின்னதில்ல. ஒரு காரு மட்டும் சொந்தக்காரரு செத்த அன்னிக்கு சவ ஊர்வலத்துக்குப் பின்னாடி தானா உருண்டு போய், கல்லறை வாசல்ல நின்னு அழுதுச்சு.”

மேசையைச் சுற்றியிருந்த யாரும் சிரிக்கக்கூட இல்லை. ஓட்மாரின் பேச்சைக் கேட்டுக் கேட்டு அந்த ஊர்க்காரர்களுக்குக் காது காய்த்துப்போயிருந்தது. ரெம்ஸ் ஆற்றங்கரையில் திராட்சை விளைகிற ஊர் அது. இலையுதிர் காலத்திலிருந்து பனிக்காலம்வரை வாசலில் விளக்குமாற்றைக் கட்டித் தொங்கவிட்டால் அந்த வீட்டில் புது ஒயின் விற்கிறார்கள் என்று அர்த்தம். அப்படி ஒரு வீட்டில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஓட்மார் நாற்பது வருஷம் வீடு வீடாகப் போய்ப் புகைபோக்கி துடைத்து ஓய்வு பெற்றவர். புகைபோக்கிக்குள் இருந்த கரியெல்லாம் அவர் நாக்கில் பொய்யாகப் படிந்துவிட்டதாக அவர் மனைவி ட்ராடெல் சொல்வாள்.

அவருக்கு எதிரே, புது ஒயினுக்குத் தொட்டுக்கொள்ளத் தருகிற வெங்காயக் கேக்கைக் கிளறிக்கொண்டிருந்தாள் ஹைட்ருன். ட்ராடெலின் தங்கை, பிரசவம் பார்க்கிற மருத்துவச்சி. “இப்பத்தான் வலி ஆரம்பிச்சுது” என்று புருஷன்மார் சொல்வதையும், “எனக்கு ஒண்ணும் பயமில்ல” என்று பெண்கள் சொல்வதையும் இத்தனை வருஷமாகக் கேட்டு வந்தவள். தன் கையால் தொட்டுப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டாள். கடிகாரம் மணியடித்தால்கூட ஜன்னல் வழியாகச் சூரியனைப் பார்த்து உறுதி செய்துகொள்வாள்.

அவளுடைய பழைய சின்ன வண்டி போன வாரம் அரசாங்கச் சோதனையில் தோற்றுவிட்டது. தோற்றது என்பது மரியாதையான வார்த்தை. சோதனை செய்தவர் வண்டிக்கு அடியில் போய்ப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டாராம். குளிர்காலம் வாசலில் நிற்கிறது. மேட்டு ஊர்களில் மூன்று பெண்கள் மாதம் நெருங்கிக் காத்திருக்கிறார்கள். அங்கே பனி விழுந்தால் பஸ் ஏறாது. மருத்துவச்சி ஏறித்தான் ஆகவேண்டும். சேமித்த பணம் ஒரு காருக்குத்தான் காணும். அந்த ஒன்று தவறாகப் போனால் அவள் தொழிலை மூட்டைகட்ட வேண்டியதுதான்.

“சின்னதா இன்னொண்ணு வாங்கிக்கயேன்,” என்றாள் ட்ராடெல்.

“முப்பது வருஷமா தகர டப்பாவுல ஏறி இறங்கின இடுப்புக்கா அக்கா? ஆக்ஸிஜன் உருளை, பிரசவ நாற்காலி, பை, எல்லாத்தையும் மடியில வெச்சுக்கிட்டா ஓட்டுவேன்? இந்தத் தடவை நல்ல வண்டிதான். பழசானாலும் பரவால்ல.”

நல்ல வண்டி என்றால் அந்த நாட்டில் கார் ஆலை இருக்கிற மூன்று ஊரின் பெயரைத்தான் சொல்வார்கள். ஸ்டுட்கார்ட், ம்யூனிக், இங்கோல்ஸ்டாட். அந்த மூன்று பெயரையும் ஒரே மேசையில் உச்சரிப்பது வைக்கோலில் தீக்குச்சியைக் கிழித்துப் போடுவதற்குச் சமம்.

“ம்யூனிக் வண்டிய ஓட்டினா இருபது வயசு குறையும்,” என்றார் கசாப்புக்கடைக்காரர்.

“உனக்குக் குறைஞ்ச மாதிரி தெரியலயே.”

“குறைஞ்சுது. பெட்ரோல் போடறப்ப திரும்ப ஏறிடுச்சு.”

“மேட்டுல பனியில போறவளுக்கு நாலு சக்கரமும் இழுக்கணும்,” என்றார் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிறவர். “இங்கோல்ஸ்டாட்தான் சரி.”

“நாலு சக்கர இழுவை இப்ப மூணு ஊருக்காரங்களும்தான் விக்கிறாங்க,” என்றார் கசாப்புக்கடைக்காரர். “ நீ அதை வாங்கினதே முன்னாடி போறவன் முதுகுல ஒட்டிக்கிட்டு விளக்கை மின்னுறதுக்குத்தானே?”

ஒயின் ஊற்ற வந்த வீட்டுக்காரி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் மகன்கள் இரண்டு பேருக்கும் ஸ்டுட்கார்ட் ஆலையில் வேலை. “இந்தக் கூரைக்குக் கீழ வேற ஊரு வண்டியப் புகழுறவங்களுக்கு ஒயின்ல தண்ணி கலப்பேன்.”

“இப்ப மட்டும் கலக்கலயா?” என்றார் கசாப்புக்கடைக்காரர்.

ஹைட்ருன் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். அவரவர் வாசலில் எந்த வண்டி நிற்கிறதோ அதைத்தான் அவரவர் புகழ்கிறார்கள். இவர்கள் வண்டியைப் பற்றிப் பேசவில்லை, தாங்கள் ஏமாறவில்லை என்று தங்களுக்கே சொல்லிக்கொள்கிறார்கள். அவளுக்கு வேறொரு கணக்குத் தெரியும்: பெரிய பெயர் வாங்கிய வண்டி பழசானால் விலை பாதியாகும், பழுதுபார்க்கிறவன் கேட்கிற கூலி மட்டும் புது வண்டிக்குக் கேட்கிற கூலிதான். ஆகவே எந்த ஊர் வண்டி என்பதைவிட, எவன் கையில் இருந்த வண்டி என்பதுதான் அவளுக்கு வேண்டும். அதை எந்த விளம்பரமும் சொல்லாது. சொன்னால் பொய்யாக இருக்கும்.

ஊருக்கு ஒன்றாக மூன்று விளம்பரங்களைப் பொறுக்கி வைத்திருந்தாள். வயது, விலை எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான்.

“சனிக்கிழமை நான் வரேன் கொழுந்தியா,” என்றார் ஓட்மார்.

“முதுகைக் காட்டவா?”

“முதுகை மட்டுந்தான். என் முகத்தக் காட்டினா வண்டிங்க வெட்கப்படும்.”

அவள் ஒப்புக்கொண்டதற்கு ஒரே காரணம், போய்வர ஓட்மாரின் கார் வேண்டியிருந்தது.

முதல் வீடு ஸ்டுட்கார்ட் கார். அழைப்புமணி அடித்ததும் கம்பளிச் செருப்போடு ஒரு பெரியவர் வந்தார். வெள்ளை மீசை, பின்னல் சட்டை, கண்ணாடிக்கு மேலே பார்க்கிற பார்வை. “நான்தான் முதல் சொந்தக்காரன்,” என்றார். “கராஜைவிட்டு வெளிய நின்னதே கிடையாது. சிகரெட் வாடையே தெரியாது. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு, மத்த நாளு பேக்கரிக்கு. அவ்வளவுதான்.”

கார் முற்றத்தில் நின்றது. அந்தப் பளபளப்பைச் சொல்லி மாளாது. மேலே பறந்துபோன காகம் ஒன்று அதில் தன் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து இறகு கோதிக்கொண்டு போயிற்று. ஹைட்ருன் உள்ளே உட்கார்ந்தாள். இருக்கை அவள் இடுப்பைத் தாய்வீடு மாதிரி வாங்கிக்கொண்டது. ஓடிய தூரமோ, சர்ச்சுக்கும் பேக்கரிக்கும் போய்வந்த கணக்குக்குச் சரியாக, குறைவாக இருந்தது. அவளுக்குள் சந்தேகம் முதல்முறையாகக் கொஞ்சம் கண் அயர்ந்தது.

ஓட்மாரோ தன் காரிலிருந்து பின்புறமாக இறங்கி, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்து, பளபளக்கும் வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கராஜின் வாசலில் போய் நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். எதிர்வீட்டு ஜன்னலில் திரைச்சீலை விலகியது.

“இவருக்கு உடம்பு சரியில்லயா?” என்றார் பெரியவர்.

“மனசுதான்,” என்றாள் ஹைட்ருன்.

“ஐயா,” என்றார் ஓட்மார் கராஜைப் பார்த்தபடியே. “வண்டியக் கொஞ்சம் உள்ள விட்டுக் காட்டுங்களேன். எவ்வளவு இடம் வேணும்னு பாக்கணும்.”

“எனக்கு முதுகு வலி.”

“தினம் பேக்கரிக்குப் போற முதுகுதானே. ஒரே ஒரு தடவ.”

பெரியவர் வேண்டாவெறுப்பாக ஏறினார். இஞ்சின் பூனை மாதிரி உறுமியது. பிறகு ஒன்றும் நடக்கவில்லை. பெரியவரின் வலது கை இரண்டு இருக்கைக்கும் நடுவில் போயிற்று, தடவியது. இன்னும் கொஞ்சம் பின்னால் போய்த் தடவியது. குவளை வைக்கிற குழிக்குள்கூட இரண்டு விரலை விட்டுப் பார்த்தது. அந்த மாடலில் கியர் அங்கே கிடையாது. ஸ்டீயரிங்குக்கு வலப்பக்கம் ஒட்டினாற்போல ஒரு சின்னக் குச்சி. ஹைட்ருனே இருக்கையில் உட்கார்ந்தபோது அதைக் கவனித்திருந்தாள். பெரியவர் கடைசியில் இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். “இன்னிக்கு வலி ரொம்ப அதிகம்.”

திரும்பி வருகிற வழியில் ஓட்மார் விசிலடித்தார்.

“சொல்லுங்க அத்தான், உங்க முதுகு என்ன சொல்லுச்சு?”

“அந்தத் தாத்தா வாடகைத் தாத்தா. வண்டி யாரோ கடைக்காரனோடது. கடைக்காரன் தன் பேருல வித்தா ஒரு வருஷம் பொறுப்பு ஏத்துக்கணும். வயசான ஆளு சொந்த வண்டிய விக்கிற மாதிரி காட்டினா கை கழுவிடலாம். மீட்டரயும் பின்னாடி சுத்தியிருப்பான்.”

“வயசானவரு. கை தடுமாறுச்சு. அதுக்கு இவ்வளவு கதையா?”

“பத்து வருஷம் ஓட்டினவன் கை தூக்கத்துலகூட குச்சியத் தேடிப் போகும் கொழுந்தியா. கராஜுல ஒரு டயரு உண்டா? குளிர்காலத்துக்கு ஒரு செட்டு, கோடைக்கு ஒரு செட்டுன்னு மாத்தணுமே. மாட்டாத செட்டு எங்க?”

“டயர்க்கடையில வெச்சிருப்பாரு.”

“வெச்சிருப்பாரு, பல்செட்டையும் கடையிலதான் வெச்சிருப்பாரு.”

 ஹைட்ருனுக்கு அந்த இருக்கை பிடித்துப்போயிருந்தது. பிடித்த வண்டியைக் குறை சொல்கிறவர்மேல் சந்தேகம் வருவது இயற்கை. இந்த மனுஷனுக்கு மற்ற இரண்டு இடத்தில் எங்கேயோ கமிஷன் இருக்கிறது என்று அவள் மனசு குறித்துக்கொண்டது.

இரண்டாவது இடத்தில் ம்யூனிக் கார். சொந்தக்காரர் நடுவயது எஞ்சினியர், ஒளிவு மறைவு இல்லாத ஆள். ஓட்மார் வழக்கம்போலக் கராஜைப் பார்த்து நின்றார். அங்கே தேய்ந்த டயர்கள் அடுக்கியிருந்தன, எல்லாம் பின்சக்கரத்துடையவை. வழுக்கையென்றால் அப்படி ஒரு வழுக்கை. மழைத்துளி விழுந்தால் சறுக்கி அடுத்த ஊரில் போய் விழும். முன்சக்கரத்துடையது ஒன்றுகூட இல்லை.

“பின்சக்கரம் தள்ளுற வண்டி,” என்றார் ஓட்மார். “வளைவுல பின்பக்கத்த ஆடவிட்டு ஓட்டுவீங்களோ?”

எஞ்சினியரின் முகம் மலர்ந்தது. “வேற எதுக்குங்க அந்த வண்டிய வாங்கறது?”

நேர்மையான பதில்தான். ஆனால் இப்படிக் குதிக்கவிட்ட குதிரையை நம்பிப் பிரசவத்துக்குப் போக முடியாது என்று ஹைட்ருனுக்கே தெரிந்தது. இதில் அத்தானுக்குக் கமிஷன் இல்லை. அப்படியானால் மூன்றாவதில்தான்.

மூன்றாவது, மேட்டு ஊர் ஒன்றில். இங்கோல்ஸ்டாட் கார், வாசலில் எடுத்து நிறுத்தியிருந்தது. சொந்தக்காரி ரோம்போல்ட் அம்மாள், ஓய்வுபெற்ற லத்தீன் ஆசிரியை. கதவைச் சங்கிலியோடு திறந்து, இடுக்கு வழியாக இவர்களைத் தலையிலிருந்து கால்வரை பரீட்சைத்தாள் மாதிரித் திருத்தினாள்.

“கார்ல சாப்பிடுவீங்களா?” என்று கேட்டாள்.

“இல்ல,” என்றாள் ஹைட்ருன்.

“பொய். எல்லாரும் சாப்பிடுவாங்க. நாயி உண்டா?”

“இல்ல.”

“அந்த ஆளு ஏன் அப்படித் திரும்பி நிக்கிறாரு?”

“அது அவரு வழக்கம்.”

கராஜ் கதவு திறந்தது. தரையில் கம்பளம். பெருக்கிப் பெருக்கி, கம்பளத்தின் பூக்களே வெட்கப்பட்டு மங்கியிருந்தன. கூரையிலிருந்து நூலில் ஒரு டென்னிஸ் பந்து தொங்கியது. வண்டியை உள்ளே விடும்போது முன்கண்ணாடி பந்தைத் தொட்டதும் நிறுத்தவேண்டும், அதற்காக. காரின் கதவு இடிக்கக்கூடிய இடத்தில் சுவரில் பஞ்சுப்பட்டை. மூலையில் கோடைகால டயர்கள் தொட்டிலில் வைத்தமாதிரி அடுக்கி, எது முன் இடது, எது பின் வலது என்று சாக்குக்கட்டியால் எழுதியிருந்தது. மேலே அலமாரியில் பிளம் ஜாம் பாட்டில்கள், பட்டாளத்து அணிவகுப்பு மாதிரி.

ஓட்மார் மூச்சை இழுத்தார். காருக்கு முதுகைக் காட்டியபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இதுதான்,” என்றார். “என் முதுகு சிலிர்க்குது.”

பிறகு ரோம்போல்ட் அம்மாளிடம் குசுகுசுவென்று ஏதோ சொன்னார். அவள் அலமாரியிலிருந்து ஒரு ஜாம் பாட்டிலை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

போதும். ஹைட்ருனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஜாமில் கமிஷன். நாற்பது வருஷம் வீடு வீடாகப் புகைபோக்கி துடைத்த மனுஷன்; இந்தக் கிழவி வீட்டிலும் ஏறியிருப்பார்; இரண்டு பேரும் கூட்டு. அதற்காகத்தான் அந்த அருமையான ஸ்டுட்கார்ட் காரை மட்டம்தட்டினார். “யோசிச்சுச் சொல்றேன்” என்று ரோம்போல்ட் அம்மாளிடம் சொல்லிவிட்டு, அத்தானின் காரில் பின்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

திங்கட்கிழமை யாருக்கும் சொல்லாமல் ரயிலேறி முதல் வீட்டுக்குப் போனாள். முன்பணம் கொடுத்து முடித்துவிடுவது என்று தீர்மானித்திருந்தாள். தெரு முனையிலேயே அந்தப் பளபளப்புத் தெரிந்தது.

பக்கத்தில் போனால் நிறம் வேறு. முகப்பு வேறு. முற்றத்தில் நின்றது ஒரு ம்யூனிக் கார்.

அதன் அருகே புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. அவர்கள் முன்னால் அதே மீசை, அதே பின்னல் சட்டை, அதே கம்பளிச் செருப்பு. “நான்தான் முதல் சொந்தக்காரன்,” என்று சொல்லிக்கொண்டிருந்தார் பெரியவர். “ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு, மத்த நாளு பேக்கரிக்கு...”

ஹைட்ருன் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “ஐயா,” என்றாள், “இது எத்தனாவது முதல் கார்?”

பெரியவர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். கண் ஒருமுறைதான் இமைத்தது. “நீங்க வேற வீட்டத் தேடி வந்திருக்கீங்கம்மா.”

“இருக்கலாம்,” என்றாள் அவள். பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினாள். “தம்பதியா வந்திருக்கீங்க. இவரையே வண்டிய கராஜுக்குள்ள விட்டுக் காட்டச் சொல்லுங்க.”

“ஆமா, காட்டுங்களேன்,” என்றான் பையன்.

பெரியவருக்கு இந்த முறை முதுகு வலிக்கவில்லை. சனிக்கிழமை பட்ட அவமானத்துக்குப் பிறகு யாரோ பாடம் நடத்தியிருக்கிறார்கள்போல. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏறினார், இஞ்சினைக் கிளப்பினார், தயங்காமல் ஸ்டீயரிங்கின் வலப்பக்கத்துக் குச்சியை ஒரு தட்டுத் தட்டினார்.

ம்யூனிக் காரில் அந்தக் குச்சி மழைநீரைத் துடைக்கிறது. காய்ந்த கண்ணாடியில் துடைப்பான் இரண்டும் கிறீச், கிறீச் என்று கூத்தாடின. பெரியவர் மறுபடி தட்டினார். துடைப்பான்கள் வேகமெடுத்தன. இன்னொருமுறை இழுத்தார். கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சி, ஓரத்தில் தெறித்து, பையனின் கோட்டை நனைத்தது. வண்டி ஓர் அங்குலம்கூட நகரவில்லை. வெயிலடித்த அந்தக் காலையில் அந்தத் தெரு முழுவதிலும் மழை பெய்தது அந்தக் காருக்கு மட்டும்தான்.

அந்த ஜோடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. பிறகு வேலியோரம் நின்ற ஹைட்ருனைப் பார்த்தது. அவள் அதற்குள் ரயில் நிலையத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தாள்.

ஆனால் ஒன்று பொய் என்றால் மற்றது நிஜம் என்று ஆகிவிடாது. அன்று சாயங்காலம் அக்காவைப் பிடித்தாள்.

“அக்கா, அந்த மேட்டு ஊருல அத்தான் புகைபோக்கி துடைச்சிருக்காரா?”

“அங்கயா?” ட்ராடெல் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். “அது சர்க்காரு வேற ஆளுக்குப் பிரிச்சுக் குடுத்த வட்டம்டி. ஒருத்தன் வட்டத்துல இன்னொருத்தன் ஏறினா தொழிலயே பிடுங்கிடுவாங்க. இவரு அந்த ஊரு கூரையக் கண்ணால பார்த்ததே சனிக்கிழமைதான்.”

“அப்ப அந்த ஜாம்?”

“வெக்கங்கெட்ட மனுஷன், அலமாரியப் பார்த்து வாயூறி, வாய்விட்டே கேட்டிருக்காரு. எங்கிட்டயும் அதத்தான் பெருமையாச் சொன்னாரு. பாதி பாட்டில அன்னிக்கே தின்னுட்டாரு.”

ஹைட்ருன் மறுநாள் தனியாக ரோம்போல்ட் அம்மாளிடம் போனாள். இந்தமுறை அவளும் காரைப் பார்க்கவில்லை. கராஜுக்குள் நின்று, அத்தான் நின்ற இடத்திலேயே நின்று, கம்பளத்தையும் பந்தையும் சாக்குக்கட்டி எழுத்தையும் பார்த்தாள். அப்புறம் வண்டியைத் தனக்குத் தெரிந்த பட்டறைக்குக் கொண்டுபோய்த் தூக்கி நிறுத்தி, மூக்கை நுழைத்து, தட்டி, முகர்ந்து, பட்டறைக்காரனைப் பாடாய்ப் படுத்தினாள். “பிரேக்குல ஒண்ணும் இல்லயா? இஞ்சினுக்கு அடியில? மறுபடி பாருங்க.” அவன் மூன்றாவது தடவை பார்த்துவிட்டு, “அம்மா, இதுல ஒரு குறைதான் இருக்கு. வாங்க வந்தவங்க நம்ப மாட்டேங்கறாங்க,” என்றான்.

ரோம்போல்ட் அம்மாள் சுலபத்தில் விடவில்லை. வண்டியைக் கராஜுக்குள் விட்டுக் காட்டச் சொன்னாள். ஹைட்ருன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே விட்டாள். கண்ணாடி பந்தைத் தொட்டது, பந்து ஆடவில்லை. “சரி,” என்றாள் அம்மாள். “பிள்ளைங்கள வெளிய எடுக்கிற கை. வண்டிய உள்ள விடவும் தெரிஞ்சிருக்கு. குடுக்கறேன்.”

டிசம்பரில் முதல் பெரிய பனி விழுந்தது. மேட்டின் கடைசிப் பண்ணையிலிருந்து விடிகாலையில் போன் வந்தபோது, பனி தள்ளுகிற வண்டி இன்னும் கிளம்பியிருக்கவில்லை. ஹைட்ருன் கிளம்பினாள். முதல் வளைவில் நின்றுவிடும் என்று எதிர்பார்த்தாள், நிற்கவில்லை. இரண்டாவது வளைவில் வழுக்கும் என்று பல்லைக் கடித்தாள், வழுக்கவில்லை. நாலு சக்கரமும் பனியை வெண்ணெய் மாதிரி வழித்துப் போட்டுக்கொண்டு ஏறின. பண்ணை வாசலில் இறங்கி, சந்தேகத்தோடு ஒருமுறை வண்டியைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனாள். பெண் குழந்தை. நல்ல தொண்டை.

அந்த ஞாயிற்றுக்கிழமை விளக்குமாற்று வீட்டில் ஓட்மார் கதையை விரித்துக்கொண்டிருந்தார். வாடகைத் தாத்தாவுக்கு ஒட்டுத்தாடி வந்திருந்தது. கராஜுக்குப் பின்னால் ஐம்பது கார்கள் வரிசை கட்டி நின்றன. துடைப்பான் கிறீச்சிட்ட சத்தத்தில் ஊர் நாய்களெல்லாம் கூடி மழை வருமென்று நனையாத இடத்தைத் தேடி ஓடின.

“சரிதான்,” என்றார் கசாப்புக்கடைக்காரர். “எல்லாத்தையும் திரும்பியே பாக்காம, முதுகாலயே கண்டுபிடிச்சீரு. அந்தப் பக்கம் நகருமய்யா, பொய் மேல வந்து விழப்போவுது.”

“ஹைட்ருனக் கேளு.”

மேசை முழுவதும் திரும்பியது. வீட்டுக்காரி குடத்தோடு நின்றுவிட்டாள். பொய் சொல்லத் தெரியாத ஆள் அந்த மேசையில் ஹைட்ருன் ஒருத்திதான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஹைட்ருன் வெங்காயக் கேக்கை மென்று விழுங்கினாள். அவசரமே படவில்லை. அத்தானின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

“தாடி கிடையாது,” என்றாள். “காரு ஐம்பது இல்ல, ரெண்டு. நாயி ஒண்ணும் ஓடல. துடைப்பான் ஆடினப்ப இவரு அங்க இல்லவே இல்ல, அதப் பார்த்தது நான்.”

“பார்த்தியா,” என்றார் கசாப்புக்கடைக்காரர்.

“ஆனா,” என்றாள் அவள். கோப்பையை எடுத்தாள், வைத்தாள். “நடந்தது. மூணு வீட்டுலயும் நான் பக்கத்துலயேதான் நின்னேன். இந்த மனுஷன் ஒரு காரையும் ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்கல.”